ஏக்கரில் ஒரு தோட்டம், ஹெக்டேரில் ஒரு கல்யாணம்

மார்ச் 9, சனி. இன்றைய தவறு: ஏக்கரை ஹெக்டேர் என்று எடுத்துக்கொண்டேன். சிறிய தவறுதான்.

எழுதியதை லியூ கெங் சூன் ஒருமுறை படித்தான். 'சிறிய' என்பதை அடித்தான். சற்று யோசித்துவிட்டு அந்தத் 'தான்' என்பதையும் அடித்தான்.

மாலை வகுப்பில் கணக்கியல் சொல்லித்தரும் ஆசிரியர், தினமும் ஒரு தவறையும் மறுநாள் வேலை ஒன்றையும் எழுதி வையுங்கள் என்று சொல்லியிருந்தார். மற்ற மாணவர்கள் முதல் வாரத்தோடு அதை மறந்துவிட்டார்கள். பகலில் மலேசியாவின் குளுவாங் ஊர்ப் பெயின்ட் கடை ஒன்றில் சாயம் கலக்கிக்கொண்டிருந்த கெங் சூன் மட்டும் விடவில்லை. எழுதுவதற்கு அவனிடம் சரக்கு குறைந்ததே இல்லை.

ஆனால் இது சாயம் கலப்பதில் வந்த தவறு அல்ல. ரயிலடிப் பக்கத்துக் கோப்பிக் கடையில் ஞாயிறுதோறும் கூடும் முதலீட்டாளர் மேசையில், புது வருஷத்துக்கு முன்பு, அவன் எழுந்து நின்று ஒரு கணக்கை விளக்கியிருந்தான். பாமாயில் எடுக்கும் சுங்கை லெங்குவாஸ் செம்பனைத் தோட்டக் கம்பெனியின் பங்கு ஒரு வெள்ளிக்கு, அதாவது நூறு சென்னுக்கு, விற்கிறது. அதன் நிலத்தை மட்டும் விற்றாலே பங்குக்கு இரண்டரை வெள்ளி தேறும். ஊர் உலகம் இன்னும் இதைக் கவனிக்கவில்லை. மேசை கை தட்டியது. வாழ்க்கையில் முதல் முறையாக யாரோ அவனுக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தார்கள்.

கம்பெனி அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் நிலம் ஏக்கரில் போட்டிருந்தது. அவன் ஹெக்டேர் என்று படித்துத் தோட்டத்தை இரண்டரை மடங்கு ஊதிவிட்டான். திருத்திப் போட்டால் பங்கு சரியாக ஒரு வெள்ளி பெறும். ஊர் உலகம் நன்றாகவே கவனித்திருந்தது.

மேசையில் மற்ற யார் வாங்கியிருந்தாலும் மன்னிப்புக் கேட்டுத் தலை தப்பியிருப்பான். வாங்கியவர்களில் முதல் ஆள் வூன் அங்கிள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். கெங் சூன் செப்டம்பரில் கட்டப்போகும் பெய் ஷானின் அப்பா.

"நான் இறங்கிட்டேன் ஆ சூன்" என்று அன்றே தோளில் தட்டிச் சொல்லியிருந்தார். "இறங்கினா கணுக்கால் நனையுற ஆள் இல்ல நான்."

அவர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறார் என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. ஓய்வுப் பணம் முழுவதும் போயிருக்கும் என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான்.

மறுநாள் ஞாயிறு. பூசி மெழுகிச் சொல்லிப் பார்ப்போம் என்று போனான்.

"அங்கிள், ஒருவேளை... நிலம் நாம நினைச்ச அளவு இல்லன்னா?"

"நிலம் எங்கய்யா போகும்? காலாற நடந்து சிங்கப்பூருக்கா போயிடும்?"

"நிலம் அங்கேயேதான் இருக்கு" என்றார் சியா ஆன்ட்டி. முப்பது வருஷம் வங்கியில் கடன் மனுக்களை நிராகரித்தவர். இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லை. "மரம்தான் கிழடு. எவ்வளவு நீளக் கோலை நீட்டினாலும் குலை எட்டாது. எட்டினாலும் வெட்ட ஆள் இல்ல. முதலாளிக்கு மூணு பையன், மூணு பேரும் ஆஸ்திரேலியாவுல."

கெங் சூனுக்கு உயிர் வந்தது. "அப்போ வித்துடுங்களேன் ஆன்ட்டி!"

"விக்கிறதா? குறை சொல்றது வேற, விக்கிறது வேற. வீட்டுக்காரரை நாப்பது வருஷமா குறை சொல்றேன். வித்தேனா?"

"யாரும் விக்கப்படாது" என்றார் எதிரே இருந்த பாக் நோர், தேங்காய்ப்பால் ஜாம் தடவிய காயா ரொட்டியைக் கோப்பியில் தோய்த்தபடி. தன் வீட்டுக் கூரை ஒழுகுவது அவருக்குத் தெரியாது. பிரேசிலில் மழை எத்தனை அங்குலம் என்பது தெரியும். "அங்க வறட்சி. சோயா படுத்துடும். சோயா படுத்தா பாமாயில் எழுந்திரிக்கும். பார்த்துக்கிட்டே இருங்க லா."

வூன் அங்கிள் அவனைத் தனியே அழைத்துப் போனார்.

"பயமா இருக்கா?"

"கொஞ்சம், அங்கிள்."

"கல்யாணத்துக்கு முன்னாடி எல்லாப் பையனுக்கும் வர்றதுதான். எனக்கும் வந்துச்சு. நான் அப்போ ரப்பர் பங்கு வாங்கிச் சரி பண்ணிக்கிட்டேன்."

நேரில் சொன்னால் எடுபடாது என்று தெரிந்ததும், கெங் சூன் வேறு வழி பிடித்தான். முதலீட்டாளர்கள் சண்டை போடும் இணையதளம் ஒன்றில், பெயர் போடாமல் இரண்டே வரி எழுதினான்: 'சுங்கை லெங்குவாஸ் நிலம் ஏக்கரில். ஹெக்டேர் என்று நினைப்பவர்கள் கடைசிப் பக்கத்தைப் பார்க்கவும்.'

பார்த்தார்கள். வாரக் கடைசிக்குள் ஒரு வெள்ளிப் பங்கு எண்பத்தெட்டு சென்னுக்கு வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மேசை எழவு வீடு மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனான். அங்கே கோப்பியோடு பொரித்த பலகாரமும் வந்திருந்தது.

"வா வா! சேதி தெரியுமா? எவனோ ஒரு திருட்டுப் பய புரளி கிளப்பியிருக்கான்!" என்றார் வூன் அங்கிள்.

"அது... உண்மையா இருந்தா?"

"உண்மையைச் சொல்ற எவனாவது பேரை மறைப்பானா? விலையை இறக்கிட்டு மலிவா அள்ளப் பார்க்கிறான். பெரிய இடத்து ஆள்."

"எழுத்தைப் பார்த்தாலே தெரியுது" என்றார் சியா ஆன்ட்டி. "ரொம்பக் கெட்டிக்காரன். ரெண்டே வரி. எங்க வங்கியில இருந்திருந்தா மேலாளர் ஆயிருப்பான்."

"எண்பத்தெட்டு சென்! கடவுளாப் பார்த்துக் கொடுத்தது. இன்னும் வாங்கணும்" என்றார் பாக் நோர்.

"வாங்கணும்" என்றார் வூன் அங்கிள்.

"வாங்கித்தான் தீரணும்" என்றார் சியா ஆன்ட்டி. மரம் கிழடு என்பதை அன்று அவர் ஒரே ஒருமுறைதான் சொன்னார்.

அன்றைய குறிப்பு: 'தவறு: உண்மையைப் பெயர் இல்லாமல் சொன்னது. நாளைய வேலை: தெரியவில்லை.'

செவ்வாய்க்கிழமை பெய் ஷான் ஃபோன் செய்தாள்.

"எங்கப்பாவுக்கு என்ன மருந்து கொடுத்தே? வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் 'என் மருமகன் ஒரு பங்கு சொன்னான்'ன்னு ஒரே பீத்தல். போன வருஷம் வரைக்கும் உன்னைப் 'பெயின்ட் கடைப் பையன்'னுதான் சொல்லிக்கிட்டிருந்தார்."

"பெய் ஷான், ஒருவேளை அந்தப் பங்கு..."

"இறங்கிட்டா? அப்புறம் பெயின்ட் கடைப் பையன்தான். எதுக்கும் பொண்ணை இன்னும் ரெண்டு வருஷம் வீட்டுல வச்சிருப்போம்பார். அவரைத் தெரியாதா உனக்கு?"

தெரியும். அதனால்தான் அவன் அன்றிரவு தாளும் பேனாவுமாக உட்கார்ந்து, முறைப்படி, படிப்படியாக, வாழ்க்கையின் மிகப் பெரிய மடத்தனத்தை யோசித்து முடித்தான்.

சுங்கை லெங்குவாஸ் பங்கை விற்பவரும் குறைவு, வாங்குபவரும் குறைவு. யாராவது ஒருத்தர் விடாமல் வாங்கினால் விலை மெல்ல ஏறும். ஏறினால் வூன் அங்கிள் நஷ்டமில்லாமல் விற்று வெளியே வரலாம். வந்தபின் உண்மையைச் சொல்லிவிடலாம். அந்த ஒருத்தர் யார் என்பதுதான் கேள்வி. கல்யாண விருந்துக்காக ஐந்து வருஷமாகச் சேர்த்த பணம் வங்கியில் சும்மா கிடந்தது.

கடையில் சாப்பாட்டு நேரத்தில், சாய டப்பாக்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு, கைபேசியில் வாங்கினான். இரண்டு வாரம் வாங்கினான். எண்பத்தெட்டு தொண்ணூற்றைந்தானது. ஏப்ரல் கடைசியில் பணம் வழித்தெடுத்ததுபோல் தீர்ந்தபோது, பங்கு ஒரு வெள்ளி பன்னிரண்டு சென்னில் நின்றது.

ஓடினான். "அங்கிள், பன்னிரண்டு சென் லாபம்! வித்துடலாம்!"

வூன் அங்கிள் அவனை இரக்கத்தோடு பார்த்தார்.

"உன் கணக்கு எவ்வளவு?"

"ரெண்டரை வெள்ளி."

"இப்போ எவ்வளவு?"

"ஒண்ணு பன்னிரண்டு. ஆனா அங்கிள்..."

"நான் வாத்தியார் ஆ சூன். பாதி வழியில பரீட்சைத் தாளைப் பிடுங்க மாட்டேன்."

"யாரோ பெரிய ஆள் வாங்குறான்" என்று கிசுகிசுத்தார் பாக் நோர். "அந்தப் புரளி கிளப்பினவனேதான். நான் அன்னைக்கே சொன்னேன்."

"ஆளு யாருன்னு தெரிஞ்சா நல்லாயிருக்கும்" என்றார் சியா ஆன்ட்டி. "நான் கடன் கொடுத்திருப்பேன்."

கெங் சூன் தன் கோப்பியைக் குடிக்காமலே எழுந்து போனான்.

ஒரே வழிதான் மிச்சம். மே மாதக் கடைசியில் ஜொகூர் பாருவில், ஹோட்டல் ஒன்றில், கம்பெனியின் ஆண்டுப் பொதுக்கூட்டம். மூன்று பேரும் பாக் நோரின் வேனில் போகிறார்கள். அங்கே, கம்பெனித் தலைவர் வாயாலேயே 'ஏக்கர்' என்று சொல்ல வைத்து, எல்லார் முன்னிலையிலும் தன் தவறை ஒப்புக்கொள்வது. அதன் பிறகு பெயின்ட் கடைப் பையன் என்றாலும் சரி, வேறெந்தப் பையன் என்றாலும் சரி.

கடையில் லீவு போட்டுவிட்டு அவனும் ஏறிக்கொண்டான். வழியெல்லாம் மூவருக்கும் ஒரே பரபரப்பு.

"வேகமாப் போ நோர். போன கம்பெனிக் கூட்டத்துல நாலாவது வரிசையில மாட்டிக்கிட்டோம்."

"கதவுப் பக்கம் உட்காரணும். அதுதான் முக்கியம்."

கம்பெனி மேல் இவ்வளவு அக்கறையா என்று கெங் சூன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இப்பேர்ப்பட்ட மனிதர்களைக் குழியில் தள்ளிவிட்டோமே!

கூட்டத்தில் கேள்வி நேரம் வந்தது. கெங் சூன் எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தான்.

"தலைவர் அவர்களே, நம்ம நிலம் ஏக்கரா, ஹெக்டேரா?"

தலைவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "ஏக்கர். எங்க தாத்தா காலத்திலிருந்து ஏக்கர். யாராவது வேற மாதிரி சொன்னாங்களா?"

"நான்தான் சொன்னேன்!" என்றான் கெங் சூன், சபை முழுக்கக் கேட்கும்படி. "தப்பா கணக்குப் போட்டு இந்தப் பங்கு ரெண்டரை வெள்ளி பெறும்னு சொன்னேன். அது ஒரு வெள்ளிதான் பெறும். என்னை நம்பி வாங்கினவங்க என்னை மன்னிக்கணும்!"

மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் பக்கம் திரும்பினான். கதவோரத்து மூன்று நாற்காலிகளும் காலியாக இருந்தன.

மயங்கி விழுந்துவிட்டார்களோ என்று பதறிக்கொண்டு வெளியே ஓடினான். கூடத்தின் கோடியில், பங்குதாரர்களுக்கு அன்பளிப்புக் கொடுக்கும் மேசை முன்னால், வரிசையின் முதல் மூன்று ஆட்களாக மூவரும் நின்றிருந்தார்கள். ஒரு பையில் கோழிச் சோறு, ஒரு போத்தல் சமையல் எண்ணெய், கம்பெனி பெயர் போட்ட குடை.

"அங்கிள், நான் உள்ள ஒரு விஷயம் சொன்னேன்..."

"அப்புறம் பேசலாம் ஆ சூன். முதல்ல உன் சீட்டை நீட்டு, குடை தீர்ந்துடும்." வாசலில் பதிந்தபோது கொடுத்த பங்குதாரர் சீட்டை அவன் கையிலிருந்து அவரே வாங்கி மேசையில் வைத்துவிட்டு, கணினியைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம் குரலை உயர்த்தினார். "எனக்கு ரெண்டு பை போடும்மா. நான் இந்தக் கம்பெனியில பெரிய பங்குதாரர்!"

அந்தப் பெண் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நீங்க மூணு பேரும் ஆளுக்கு நூறே நூறு பங்கு வச்சிருக்கீங்க அங்கிள், இருபத்தெட்டாயிரம் பங்கு வச்சிருக்கிற இந்த அண்ணனுக்கே ஒரு பைதான்."

மே 30, வியாழன். நாளைய வேலை: உணவகத்துக்கு ஃபோன் செய்து, கல்யாண விருந்துக்குச் சொன்ன இருபது மேசையை எட்டாகக் குறைக்க வேண்டும்.