வெள்ளிக்கிழமை இன்ஜினியர்

இன்ஜினியர்களில் பல வகை உண்டு. பாலம் கட்டுகிறவர், கட்டிய பாலத்தைப் பார்வையிடுகிறவர், இரண்டும் கிடைக்காமல் வேறு ஏதோ தொழில் செய்து நன்றாக இருக்கிறவர். இவர்களெல்லாம் படித்து முடித்து இன்ஜினியர் ஆனவர்கள், பாவம். நான் சொல்ல வருவது படிப்பு தொடங்கிய மறுவாரமே முழு இன்ஜினியராகிவிடும் இனத்தை. கல்லூரியில் இதற்கு முதலாண்டு மாணவர் என்று பெயர். எங்கள் ஏற்காட்டு மலையில் நான் வைத்திருக்கும் பெயர், வெள்ளிக்கிழமை இன்ஜினியர்.

ஏன் வெள்ளிக்கிழமை? மற்ற நாளெல்லாம் இந்த இனம் கீழே சேலத்துப் பக்கம் ஏதோ ஒரு கல்லூரியின் கடைசி பெஞ்சில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்கும். "டவுட் இருக்கா?" என்று வாத்தியார் கேட்டால் குனிந்து செருப்பைப் பார்க்கும். பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிய பிள்ளைதான். ஆனால் வகுப்பில் இருக்கிற அறுபது பேரும் அவரவர் பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கியவர்களாக இருந்து தொலைத்தால் என்ன செய்வது? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏற்காடு பஸ்ஸில் கால் வைத்ததும்தான் முதுகு நிமிரும். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். குளிக்கும்போது கழற்றுவதாகக் கேள்வி. தோளில் டிராஃப்டர் என்றொரு படம் வரைகிற கருவி, பக்கத்து சீட்டுக்காரரின் விலாவில் குத்துவதற்கென்றே செய்தது.

மஞ்சக்குட்டையில் என் பக்கத்து வீட்டு அம்மாசியின் மகள் கீர்த்திகா இந்த இனத்தின் அசல் மாதிரி. ஒருநாள் நானும் அதே பஸ்ஸில் வந்தேன். மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணா, இந்த வேகத்துல திரும்புனா ஃபோர்ஸ் வெளிப்பக்கமா தள்ளுமுங்க."

"அப்படிங்களா கண்ணு?" என்றார் டிரைவர் அன்பழகன். "பதினெட்டு வருசமா ஓட்டறேன், ஒருத்தரும் சொல்லலை பாரு."

படிப்பதோ கம்ப்யூட்டர். யாருக்குக் கவலை? ஊரே மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றது. ஒரு வீட்டில் ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றிக் கொடுத்தாள், புகழ் மலையடிவாரத்துக் குப்பனூர் வரை இறங்கியது. என் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தாள். அது இன்றைக்கும் நாலே காலில்தான் நிற்கிறது; ஆனால் ஏன் நிற்கிறது என்று எனக்கு அரைமணி நேரம் விளக்கிச் சொல்லப்பட்டது.

இதெல்லாம் சில்லறை வினை. பெரிய வினை, போன தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் வந்தது.

அம்மாசிக்கு இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம். வீட்டை ஒட்டிய கொட்டகையில் பழத்தோல் உரிக்கும் பல்ப்பர் மிஷின். காப்பிப் பழத்துக்குப் பொறுமை கிடையாது. பறித்த அன்றே தோலுரித்தாக வேண்டும். விட்டால் மூட்டைக்குள்ளேயே சூடேறிப் புளித்துவிடும், பிறகு சீந்துவார் இல்லை. அந்த வருடம் காலம் தப்பிய மழையில் உதிர்ந்தது போக மிஞ்சியதே ஒன்பது மூட்டைதான். காலையில் எல்லாரும் அதைப் பறிக்கச் சரிவுக்கு ஏறிப் போனார்கள். இன்ஜினியர் வீட்டில் தனியாக இருந்தாள்.

மிஷின் கடகடவென்று சத்தம் போடுகிறது என்பது அவளுடைய நெடுநாள் குறை. முதலில் முன்பக்கம், மேல்பக்கம், பக்கவாட்டு என்று மூன்று படம் வரைந்தாள். குறை சொல்ல முடியாத படங்கள். பிறகு மிஷினைக் கழற்றினாள். கழற்றுவது என்றால் நீங்களும் நானும் கழற்றுவதுபோல் இல்லை. இனிமேல் கழற்ற ஒன்றுமில்லை என்கிற வரைக்கும்.

மூன்று மணிக்கு மூட்டைகள் இறங்கின. அம்மாசி கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார்.

"மிஷின் எங்க சாமி?"

"இதாங்கப்பா" என்று தரையில் விரித்திருந்த சாக்கைக் காட்டினாள்.

சத்தம் கேட்டு நானும் போய்விட்டேன், வேடிக்கை பார்க்கத்தான். படத்தைப் பார்த்து மூன்று பக்கத்தையும் ஒருவழியாகப் பூட்டிவிட்டாள். கை நின்றுவிட்டது.

"பின்பக்கம், கண்ணு?" என்றாள் தாய் கண்ணம்மாள்.

"சிலபஸ்ல மூணு பக்கந்தாங்கம்மா வந்திருக்குது."

ஒன்பது மூட்டையும் வெயிலில் கதகதவென்று இருந்தது. கீர்த்திகா கழுத்து அட்டையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்கப்பா. கணக்குல நூத்துக்குப் பன்னெண்டு. அங்க நான் வாயே தொறக்கறதில்லை. இங்க வந்தாத்தான் எல்லாரும் இன்ஜினியருங்கறீங்க, அதான்..."

மேலே சொல்ல முடியாமல் அழுதாள். அதுவரை உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பழம் பறிக்க வந்திருந்த மாரியம்மாள்தான் இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். "எதுக்கு அழுவற? நேத்து ஸ்டேட்டஸ் வைக்க நான் புடிச்ச போட்டோவுல மிஷினு பின்னால இருக்குது பாரு."

இருந்தது. பல்ப்பரின் பின்பக்கம், முன்னால் இரண்டு விரலைக் காட்டியபடி மாரியம்மாள். ஆறு தலைகள் ஒரு போனுக்குள் கவிழ்ந்தன. பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒவ்வொரு போல்ட்டாகத் தேடிப் பூட்டினோம். மாரியம்மாளின் தோள் மறைத்த இடம் மட்டும் தெரியவில்லை.

"கொஞ்சம் தள்ளி நின்னிருக்கலாமில்ல?" என்றேன்.

"ஏனுங்க, மிஷினு அழகாத் தெரியோணும்னா நான் போட்டோ புடிச்சேன்?"

சுவிட்சைப் போட்டார்கள். ஓடியது! கீர்த்திகாவின் உள்ளங்கையில் நாலு போல்ட்டு மிச்சம்.

மிஷினை சிமெண்ட் திண்டோடு பிடித்து நிறுத்துகிற நாலு போல்ட்டு அவை என்பது அடுத்த நிமிடம் தெரிந்தது. மிஷின் தோலுரித்துக்கொண்டே திண்டைவிட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தது. நிறுத்தினால் மறுபடி ஓடுமோ ஓடாதோ என்கிற பயத்தில் ஒருவரும் சுவிட்சைத் தொடவில்லை. இரண்டு பேர் அதைத் தாங்கிப் பிடிக்க, மற்றவர்கள் மூட்டையும் கூடையுமாகப் பின்னாலேயே நடந்தோம். கொட்டகை வாசல், களம், முருங்கை மரம். ஒன்பதாவது மூட்டை முடியவும், வயர் இழுபட்டு பிளக் பிடுங்கிக்கொள்ளவும் சரியாக இருந்தது.

அம்மாசி, மகளின் கையிலிருந்த நாலு போல்ட்டையும் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "கம்பெனிக்காரன் தண்டத்துக்கு நாலு போல்ட்டு போட்டிருக்கறான். எம்புள்ள கண்டுபுடிச்சிருச்சு பாருங்க!"

திங்கட்கிழமை வகுப்பில் "டவுட் இருக்கா?" என்று வழக்கம்போல் கேட்டார்கள். கடைசி பெஞ்சில் ஒரு கை எழுந்ததாம். "சார், நாலாவது பக்கத்தை எப்படிங்க சார் வரையறது?" வகுப்பே சிரித்திருக்கிறது. கையை அவள் இறக்கவில்லை.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்குமே, எதிலிருந்து வந்தது என்று தெரியாத திருகாணிகளும் போல்ட்டுகளும் போட்டு வைத்தது? அவையெல்லாம் கம்பெனிக்காரன் தண்டத்துக்குப் போட்டவை என்றுதானே வீட்டில் சொல்லியிருக்கிறீர்கள்? இருக்கட்டும். இப்போது உங்கள் தலைக்கு மேல் சுற்றுகிற மின்விசிறியைக் கடைசியாகக் கழற்றி மாட்டியது யார்?