ஈரல் பக்கம் மாறிய ஞாயிற்றுக்கிழமை

பிள்ளைகளே, அப்பாமாருக்கு என்று ஒரு சீக்கு உண்டு. நீங்கள் ஏதாவது கேட்டால் 'தெரியாது' என்று சொல்ல நாக்கு வராது. எனக்கு அந்தச் சீக்கு முற்றி, நெஞ்சிலும் வயிற்றிலும் கறுப்பு மையாகவே வெளியே வந்தது. நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. நீங்களாவது சிரியுங்கள் என்று எழுதுகிறேன்.

நான் புதுக்கடைப் பக்கம் டெம்போ ஓட்டுகிறவன். படிப்பு பத்தாம் வகுப்பு (அதையும் யாரும் கிளறிப் பார்க்க வேண்டாம்). மகள் சுபா அப்போது நர்சிங் முதல் வருடம். உடற்கூறு பாடத்தில் ஒரு தடவை தோற்று, இரண்டாம் தடவை வாய்மொழித் தேர்வு திங்கட்கிழமை வருகிறது. சனிக்கிழமை மத்தியானம் புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"பேரெல்லாம் தெரியும்ப்பா. ஆனா படம் தட்டையா இருக்கு. எது முன்ன, எது பின்ன, எதுக்க அடியில எது கெடக்குன்னு மனசில வரமாட்டேங்கு. மேடம் பொம்மையத் திருப்பி வச்சுக் கேட்டா எல்லாம் கலங்கிப் போவுது. இந்தத் தடவையும் போச்சுன்னா நான் துணிக்கடைக்கு வேலைக்குப் போறேன்."

மெதுவாகத்தான் சொன்னாள். கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

"இதுக்கா கரையிய? எனக்க உடம்பு சும்மாதான கெடக்கு. இதில வரைஞ்சு படி மக்கா" என்று சட்டையைக் கழற்றினேன். லோடு பெட்டியில் பெயர் எழுத வைத்திருந்த மார்க்கரையும் எடுத்துக் கொடுத்தேன். (பெட்டி மழையில் நனைந்தாலும் எழுத்துப் போகாது. அதை அந்த நேரத்தில் யார் நினைத்தார்கள்?)

அவள் என் வலது விலாவில் மார்க்கரை வைத்தாள். நான் தடுத்தேன். புத்தகத்தோடு பீரோக் கண்ணாடியின் முன்னால் போய் நின்று பார்த்தேன். படத்தில் ஈரல் இடது கைப் பக்கம் இருந்தது. கண்ணாடியில் என் இடது கையும் அதே பக்கம் இருந்தது.

"இந்தப் பக்கம் வரை."

"ஈரல் வலப்பக்கம்னு மேடம் சொன்னாங்கப்பா."

"அது மேடத்துக்க வலது. அவுங்க உனக்கு எதிர நின்னுல்லா சொல்லியிருப்பாங்க! இருவது வருசமா கண்ணாடியப் பாத்து ரிவர்ஸ் எடுக்கியேன், எனக்குத் தெரியாதா?"

பாவம், வரைந்தாள். இடது விலாவில் ஈரல், வலது விலாவில் மண்ணீரல், நடுவில் சாய்ந்த இரைப்பை, கீழே குடல். பிறகு என்னைத் திருப்பி, முதுகில் இரண்டு கிட்னி. அங்கே மறுபடியும் நின்றுவிட்டாள்.

"அப்பா, ஈரல் மேல இருந்து அமுக்கதுனாலதான் வலது கிட்னி கொஞ்சம் எறங்கி இருக்கும்னு புக்கில இருக்கு. ஆனா இங்க ஈரல் எடப்பக்கம்லா இருக்கு?"

பிள்ளைகளே, கவனியுங்கள். என் மகளுக்கு முதல் முதலாக உடம்பின் முன்னும் பின்னும் சேர்ந்து தெரிந்த நிமிடம் அது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அது பிரிண்டிங் மிஸ்டேக்கு மக்கா."

சமையலறையிலிருந்து வந்த என் மனைவி ஒரு பார்வை பார்த்தாள். "கண்ணு படாம இருக்க வீட்டு முன்ன கெட்டித் தொங்கவிடுத பொம்மை மாதிரி இருக்கிய" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சோப்பு, தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் என்று வீட்டிலிருந்த எல்லாவற்றையும் போட்டுத் தேய்த்தேன். தோல்தான் போயிற்று. ஈரல் அப்படியே இருந்தது.

மறுநாள் காலையில் சுபா, "தாங்கலுக்குப் போய்க் கும்பிட்டுட்டு வருவோமாப்பா?" என்று கேட்டாள். எங்கள் அய்யாவழி நிழல்தாங்கலில் ஆண்கள் சட்டை போடாமல், தலைப்பாகை கட்டித்தான் உள்ளே போக வேண்டும். தேர்வுக்குப் போகிற பிள்ளையிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது?

என்னிடம் இருந்தது ஒரே துவர்த்து (துண்டுதான்). தலையில் கட்டினால் ஈரல் தெரியும், ஈரலை மூடினால் தலைப்பாகை இல்லை. ஐந்து நிமிடம் வாசலில் நின்று யோசித்துவிட்டு, தலையில் கட்டிக்கொண்டு நுழைந்தேன்.

எங்கள் பள்ளியறையில், அதுதான் கருவறையில், சிலை கிடையாது. நிலைக்கண்ணாடிதான். கும்பிடுகிறவன் தன்னையே பார்த்துக் கும்பிட வேண்டும். நான் பார்த்தேன். நெற்றியில் நாமம், கீழே குடல் வரை எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிந்தன. (அய்யா பொறுத்துக்கொள்ளட்டும். அந்த இடத்திலும் 'புக்கில் உள்ளது போலவே இருக்கிறதே' என்றுதான் எனக்குத் தோன்றியது.)

வெளியே வந்தால் அன்னதர்ம வரிசையில் பாதி ஊர் நிற்கிறது. அதில் என் மைத்துனன் செல்வனும் நின்றான். குவைத்தில் நர்சாக இருக்கிறான், லீவில் வந்திருந்தான்.

"அத்தான், உங்களுக்க ஈரலு எப்ப பக்கம் மாறிச்சு?"

"புக்கப் பாத்து வரைஞ்சதுலே. கண்ணாடியிலயும் பாத்தாச்சு."

"புக்கில நிக்க ஆளு உங்களப் பாத்துல்லா நிக்கான்! கண்ணாடியில நிக்கது நீங்க. இங்க வாங்க, எனக்கு எதிர நில்லுங்க. எனக்க வலது கை உங்களுக்கு எந்தக் கைக்கு நேர வருது?"

நின்றேன். என் இடது கைக்கு நேராக வந்தது. வரிசையில் நின்ற ஒருத்தர், "அப்போ இத்தன நாளு இவன் எப்பிடிடே வண்டிய ரிவர்ஸ் எடுத்தான்?" என்று கேட்டார். வாளியோடு நின்றவர் சிரித்துக் கஞ்சியைக் காலில் ஊற்றிக்கொண்டார்.

சுபா சிரிக்கவில்லை. என் முதுகுப் பக்கம் வந்து பார்த்தாள். பிறகு, "அப்போ புக்கில கிட்னி சரிதான்!" என்று கத்தினாள்.

அதன்பின் யாரையும் அவள் பார்க்கவில்லை. என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "திரும்புங்கப்பா. குனியுங்க. கைய தூக்குங்க. ஈரல அந்தப் பக்கம் போட்டா, இது எறங்கும்... இரைப்பை இங்க சாயும், கணையம் இதுக்குப் பின்ன..." நான் ஊருக்கு முன்னால், தலைப்பாகையோடு, கறிக்கடைக் கம்பியில் தொங்கும் கோழியைப் போலத் திரும்பிக்கொண்டே இருந்தேன். கஞ்சி தீர்ந்துபோனது. எங்களுக்குக் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை மேடம் பொம்மையைக் குப்புறப் போட்டு, "எந்தக் கிட்னி தாழ்ந்திருக்கும், ஏன்?" என்று கேட்டாராம். இவள் கண்ணை மூடி, என்னை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பதில் சொன்னாளாம். பாஸ். மை போக எனக்குத்தான் மூன்று வாரம் ஆனது. கொளுத்துகிற வெயிலிலும் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு வண்டி ஓட்டினேன்.

இப்போது சுபா ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். போன மாசம் எனக்கு வயிற்றுவலி. அவளே கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் எந்தப் பக்கம் என்று கேட்க, நான் சரியாகத் தொட்டுத்தான் காட்டினேன். பின்னால் நின்றவள் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னாள்:

"டாக்டர், எங்க அப்பா காட்டியத நம்பாண்டாம். ரெண்டு பக்கமும் பாத்துருங்க."

அன்றிலிருந்து வீட்டில் செருப்பு எங்கே, சாவி எங்கே, எந்த ரோட்டில் திரும்ப வேண்டும் என்று நான் எதைச் சொன்னாலும், என் மனைவி திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "ரெண்டு பக்கமும் பாரு மக்கா, உங்கப்பாதான் சொல்லியாரு."