குடலுக்குள் ஒரு குடித்தனம்

உயிரே போனாலும் என் மனைவி உனாய்சியிடம் சொல்வதில்லை என்று தீர்மானித்தேன். முப்பத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் நான் தனியாக எடுத்த முதல் தீர்மானம் அது.

எங்கள் ஊரான லம்பாசாவில், எங்கள் தெருவுக்குச் சுகாதார ஆட்கள் வந்தார்கள். "கிருமி ஆராய்ச்சிக்கு, நோய் இல்லாதவங்கதான் வேணும்" என்று ஆளுக்கொரு டப்பா கொடுத்தார்கள். டப்பாவில் எதைப் போட்டுத் தந்தேன் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் கழித்து நர்ஸ் மெரெவாய் ஒரு காகிதத்தோடு வந்தாள். உனாய்சி சந்தைக்குப் போயிருந்தாள்.

"மாமா, உங்க குடல்ல ஒரு கிருமி குடியிருக்கு. பெரும்பாலான மருந்துக்கு அசையாது."

வயிற்றில் புளியைக் கரைத்தது. கிருமி அதற்கும் அசைந்திருக்காது.

"நான் பிழைப்பேனா?"

"உங்களுக்கு ஒண்ணுமில்ல. அது பாட்டுக்கு இருக்கும். நாளாக ஆக அனேகமா தானாப் போயிடும். நீங்களா மாத்திரை வாங்கி முழுங்காதீங்க. பலவீனமானவங்க உடம்புக்குள்ள போனாத்தான் ஆபத்து. அதனால..."

அதற்குமேல் எதுவும் என் காதில் ஏறவில்லை. பலவீனமானவர்கள்! என் மகள் லுசியானாவின் குழந்தை ஏழாம் மாதமே பிறந்து, ஆறு வாரமாக ஆஸ்பத்திரியில் கிடந்தது. நல்ல மரவள்ளிக் கிழங்கு அதைவிடக் கனம். சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருகிறது. எமன் என் வயிற்றுக்குள்ளேயே வாடகையில்லாமல் உட்கார்ந்திருக்கிறான்!

சாயங்காலமே சண்டையை ஆரம்பித்தேன்.

"உனாய்சி, உன் மருமகன் என்னை மதிக்கல. அவன் பொண்டாட்டி புள்ள இருக்கற வீட்ல நான் இருக்க மாட்டேன். படகுக் கொட்டகைக்குப் போறேன்."

"லுசியானா அப்பா, அவன் நாலு மாசமாக் கப்பல்ல இருக்கான்."

"அங்கிருந்தே மதிக்கல!"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "போங்க. பாய் எடுத்துக்கோங்க" என்றாள். இவ்வளவு சுலபமாக அவள் விட்டுக்கொடுத்ததே இல்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று முதல் என் சமையல், என் தட்டு, என் துணி, எல்லாம் நானே. கை கழுவிக் கழுவி ரேகை அழிந்தது. யங்கோனா வேர்ச்சாறு குடிக்க நண்பர்கள் கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே சிரட்டை. போகவில்லை. "அபிசாய்க்குத் தலைக்கனம்" என்றார்கள். கனம் வயிற்றில் என்று எப்படிச் சொல்வது?

குழந்தை வந்தது. மாமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அது அழுதால் பயம். அழாவிட்டால் அதைவிடப் பயம். ஒருமுறை தும்மியது; நான் ஓடிப்போய் மறுபடியும் கை கழுவினேன்.

பத்தாம் நாள் மத்தியானம் உனாய்சி கொட்டகைக்கே வந்துவிட்டாள். கையில் பேத்தி.

"பிடிங்க."

ஒரே தாவலில் படகுக்குள் விழுந்தேன். துடுப்பைக் குறுக்கே நீட்டினேன். "கிட்ட வராத! என் வயித்துல மருந்துக்கு அடங்காத கிருமி இருக்கு! பிள்ளைக்கு ஒட்டிக்கும்! தூக்கிட்டுப் போயிடு!"

அவள் நிதானமாகப் படகின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"தெரியும். சண்டை போடறதுக்கு முன்னாடியே, காகிதத்தைச் சட்டைப் பையில வெச்சுத் துவைக்கப் போட்டது யாரு?"

"உனக்குப் பயமா இல்லையா?"

"அன்னிக்கு உக்காந்து அழுதேன். மறுநாள் எனக்கும் அதே மாதிரி காகிதம்தான் வந்துது."

"உன் வயித்துலயுமா?"

"ஆமா. மெரெவாய்கிட்ட ஓடினேன். குழந்தையைப் பார்க்கற டாக்டர்கிட்டயும் சொல்லிக் கேட்டேன். கக்கூஸ் போயிட்டு வந்து, சமைக்கறதுக்கு முன்னாடி, குழந்தையைத் தொடறதுக்கு முன்னாடி நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டுத் தூக்கலாம்னாங்க. நீங்கதான் பாதிப் பேச்சுல காதை மூடிக்கிட்டீங்க. போய்க் கழுவிட்டு வாங்க."

கழுவினேன். விரலிடுக்கு, நகக்கண், முழங்கை வரைக்கும். அப்புறம் வாங்கிக்கொண்டேன். ஒரு கொட்டாவி விட்டது என் பேத்தி.

பிறகுதான் உறைத்தது.

"அடிப்பாவி, எல்லாம் தெரிஞ்சும் பத்து நாளா ஏன் சொல்லல?"

"நேத்து நீங்க மரத்துக்குப் பின்னாடி அழுததைப் பார்த்தேன், மனசு கேக்கல" என்று பெருமூச்சு விட்டாள் உனாய்சி. "இல்லேன்னா, தட்டே கழுவாத மனுஷன் துணி வரைக்கும் துவைக்கறாரு, இன்னும் ஒரு மாசம் பழகட்டும்னுதான் இருந்தேன்."