மேசையைக் கட்டிப்பிடித்தவர்கள்

மைக்கா பட்டை மூன்றாவது முறையாகத் தெறித்து, பல் டாக்டரின் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது.

"கோணல் பல்லையெல்லாம் நேராக்குறேன். இந்தப் பட்டையை வளைக்க முடியலையே!"

"மேசையைக் கடையில வாங்கியிருக்கலாம்னு நான் சொல்லலை," என்றாள் வக்கீலான அவர் மனைவி. "சொல்லவும் மாட்டேன்."

அவளுடைய அக்கா வீட்டுக்காரர் சாயந்திரம் வருகிறார். ஊசியில் நூல் கோப்பதைக்கூடக் குறை சொல்லுகிற மனிதர். அவரிடம்தான் டாக்டர் வாயைக் கொடுத்திருந்தார்: "வாங்க அண்ணா, நானே செஞ்ச மேசையிலதான் டீ!"

மைக்கா பதித்தே வந்த பலகையை வட்டமாக அறுத்தாகிவிட்டது. காலும் மாட்டியாகிவிட்டது. பாக்கி, விளிம்பைச் சுற்றி இரண்டு விரல் அகலப் பட்டை மட்டும்தான்.

இறுக்கிப் பிடிக்க வாங்கிய புது கிளாம்ப்புகள் வளைவில் நிற்காமல் வழுக்கின. இடையில் கட்டைத் துண்டுகளைக் கொடுத்து முறுக்கினார். கட்டை சறுக்கி, பளபளவென்றிருந்த மேற்பரப்பில் ஒரு கோடு போட்டது.

"பெல்ட்!" என்றார் டாக்டர். வீட்டிலிருந்த பெல்ட்டுகளை ஒன்றோடொன்று மாட்டினார். ஒரு சாண் குறைந்தது. இடுப்பிலிருந்ததையும் அவிழ்த்தார். இப்போது பட்டை கொஞ்சம் அடங்கியது, பேன்ட் அடங்கவில்லை. அதை அவர் மேலே இழுத்த நொடியில் பெல்ட் கழன்று, பட்டை ஆனந்தமாக நிமிர்ந்தது.

சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் தொண்டையைச் செருமினார். மருமகனின் கண்ணைப் பார்த்துவிட்டுப் பேப்பருக்குள் போய்விட்டார். மாப்பிள்ளை காரியத்தில் மூக்கை நுழைப்பதில்லை என்பது அவருடைய விரதம்.

"ரப்பர் வேணும். இழுத்துப் பிடிக்குற மாதிரி," என்று டாக்டர் வெளியே போனார். சைக்கிள் டியூபோடு திரும்பி வந்து, அதை நீளமாக வெட்டி இறுக்கிச் சுற்றினார். டியூப் பட்டென்று அறுந்து விளக்கை உடைத்தது.

"டாக்டர்! என் சைக்கிள் டியூப் எங்க?" வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்.

"பழசுன்னு நினைச்சேன் சார். புதுசு வாங்கித் தர்றேன். இப்ப கொஞ்சம் இந்தப் பக்கம் பிடிங்களேன்!"

டாக்டருக்கு ஞானம் பிறந்துவிட்டது. வளைகிற கிளாம்ப் உலகத்தில் ஒன்றுதான் உண்டு. மனிதனின் கை!

அடுத்த நிமிடம் நான்கு பேரும் மண்டியிட்டு மேசையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மாமனாரும் விரதத்தை மீறாமல், வாயே திறக்காமல் ஒரு கால்வாசி விளிம்பை அணைத்துக்கொண்டார்.

"விடவே கூடாது. அரை மணி நேரம் ஆடாம அசையாம இருந்தா கல்லு மாதிரி பிடிச்சுக்கும்."

"என் கால் மரத்துப் போச்சுங்க."

"பல்லைக் கடிச்சுக்கோ."

"கடிச்சா உங்களுக்குத்தானே லாபம்!"

அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது. யாரும் அசையவில்லை. திறந்திருந்த கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வீட்டுக்காரர் உள்ளே வந்தார். நாலு பேர் மேசையில் கன்னத்தைப் பதித்துக் கிடந்தார்கள். ஒருவருக்கு பேன்ட் முழங்காலில்.

"என்ன ஆச்சு? மேசை எங்கயாவது ஓடிப்போகுதா?"

"அண்ணா, சிரிக்காதீங்க. அந்த இடைவெளியில கை கொடுங்க!"

அவரும் கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். குறை சொல்லக்கூட மூச்சு வரவில்லை.

ஒருவழியாக அரை மணி ஓடியது. டாக்டரின் முகத்தில் வெற்றிக் களை.

"ஒரு துளி இடைவெளி இல்லை! மெதுவா, எல்லாரும் ஒண்ணா விடுவோம்."

"மாப்பிள்ளை..." மாமனார் முதல் முறையாக வாயைத் திறந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. காலையிலேருந்து கேக்கணும்னு நினைச்சேன், கூச்சமா இருந்துச்சு. இது பசையே தடவாம ஒட்டுற ரகமா?"