ஒரு கால் குட்டைப் பேண்ட்

"இன்னொரு கால் எங்கடி?" என்று கேட்டார் டெய்லர்.

பத்தாவது படிக்கும் அவர் மகள் ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கத்தான் கடைத்தெருவுக்குப் போனாள். துணிக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கிய பேண்ட்டைப் பார்த்ததும், கூட வந்த மூன்று பேரும் "எடுடி, எடுடி" என்றார்கள். எடுத்துவிட்டாள். இடது கால் கணுக்கால் வரை. வலது கால் முழங்காலோடு சரி.

"இதாம்ப்பா ஸ்டைல். டியூஷன்ல எல்லாரும் இதான் போடுறாங்க. நான் மட்டும் ரெண்டு காலையும் மூடிக்கிட்டுப் போனா கிழவின்றாங்க."

"பாதித் துணிக்கு முழு விலையா?"

"முழு விலை இல்லப்பா. டபுள்."

இருபத்தாறு வருஷத்தில் அரை இஞ்சுகூட அளவு தப்பாத கை என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்பவர் டெய்லர். பெற்ற பெண்ணே இந்தக் கோலத்தில் தெருவில் நடந்தால் கடைப்பேர் என்னாவது? எதிர் லாண்டரிக்காரர் அதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"என்ன மாஸ்டர், சொந்தப் பொண்ணுக்கே துணி பத்தலையா?"

மகள் குளிக்கப் போன நேரம் பார்த்து டெய்லர் மெஷினில் உட்கார்ந்தார். பேண்ட்டின் கறுப்பு நிறத்தில் துணி கைவசம் இல்லை. யாருக்கோ திரைச்சீலை தைத்து மிஞ்சிய சூரியகாந்திப் பூத் துணிதான் இருந்தது. அதையே ஒட்டுப்போட்டுக் காலை முழுசாக்கினார்.

மற்ற உடுப்பையெல்லாம் அம்மா ஊறவைத்திருந்ததால், மகள் அதையே மாட்டிக்கொண்டு அழுதபடி டியூஷனுக்குப் போனாள். சிரித்தபடி திரும்பி வந்தாள். பின்னாலேயே பதினோரு பேர், கையில் ஆளுக்கொரு திரைச்சீலை.

"அங்கிள், எனக்கும் பூக்கால்!"

அடுத்த அரை மணியில், ஜன்னல் மொட்டையாகிப்போன பதினோரு வீட்டு அம்மாக்களும் வந்து சேர்ந்தார்கள்.

"சும்மா விட்டிருந்தா ஒரு வாரத்துல தானா போயிருக்கும். ஊசியை எடுத்தீங்க, ஊரையே வாசலுக்கு இழுத்துட்டீங்க" என்றாள் மனைவி.

"இரு, ஒரேயடியா முடிச்சு வைக்கிறேன். அப்பன் போட்டதை எந்தப் பிள்ளை போடும்?"

மறுநாள் காலை டெய்லர் தனக்கும் ஒரு கால் குட்டையாகப் பேண்ட் தைத்துப் போட்டு, ரோமம் அடர்ந்த முழங்காலை ஊருக்குக் காட்டிக்கொண்டு கடை வாசலில் உட்கார்ந்தார்.

பிள்ளைகள் பார்த்தார்கள். முகம் சுளிப்பார்கள் என்று பார்த்தால் போட்டோ எடுத்தார்கள். "உங்கப்பா செம்மடி!"

சாயங்காலம் அப்பாக்கள் வரிசையில் நின்றார்கள்.

"எம் பொண்ணு ரெண்டு மாசமா எங்கிட்ட முகம் கொடுத்தே பேசல மாஸ்டர். எனக்கும் ஒரு காலை வெட்டிடுங்க" என்று கண் கலங்கினார் பாங்க் காஷியர்.

வரிசையில் மூன்றாவது ஆள் லாண்டரிக்காரர். "எனக்கு இடது கால்ல குட்டை வைங்க. வலதுல தழும்பு."

டெய்லர் கத்திரிக்கோலை மேஜையில் ஓங்கி வைத்தார். "போதும்! இந்தக் கூத்தை முதல்ல ஆரம்பிச்சது யாரு? அந்தப் பேண்ட்டை வெட்டினவன் மட்டும் என் கையில கிடைச்சான், டேப்பாலயே கட்டித் தொங்க விடுவேன். தொழிலுக்கே கேவலம்!"

வரிசைக்குப் பின்னால் பிள்ளைகளும் கூடியிருந்தார்கள். அவர்களில் வாலிபால் கேப்டன் பெண் ஒருத்தி இருந்தாள். டியூஷனே அவளைப் பார்த்துத்தான் தலை வாரும். அவளைத் தோழிகள் முன்னால் தள்ளிவிட்டார்கள்.

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "நான்தான் அங்கிள் முதல்ல போட்டேன்... போன மாசம் நீங்க தைச்சுக் கொடுத்ததுதான். அளவு தப்புன்னு சொன்னா கத்துவீங்களேன்னு பயந்து, ஸ்டைலுன்னு சொல்லிட்டேன்."