வாய் திறக்காத வைத்தியர்

சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கெல்லாம் விடிவுகாலம் பிறந்துவிட்டது! கத்தி இல்லை, ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை. இடுப்பில் வாயை வைத்து உறிஞ்சுவார், கல் வந்துவிடும். பெயர் மௌனகுரு. அவர் கடை விரித்த இடம்தான் அருமை: ஊர் டாக்டரின் கிளினிக்குக்கு நேர் எதிர்மாடி. பெரிய ஆஸ்பத்திரிக்கு டாக்டர் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டியது, வாங்கியவர் சாலையைக் கடந்து இங்கே ஏற வேண்டியது. படி முழுக்கச் செருப்புகள்.

ஒரே ஒரு நிபந்தனை. டாக்டர் கடிதத்தைக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும். இல்லாவிட்டால் கல் வெளியே வர வெட்கப்படுமாம்!

அன்று வரிசையில் ஒரு லாரி டிரைவரும் அவர் மனைவியும் நின்றார்கள். அவள் ஒன்றாம் வகுப்பு டீச்சர். கணவருக்குக் கல் அடைத்து ஒரு பக்கச் சிறுநீரகம் வீங்கியிருந்தது. "நாளைக்குக் காலையில பெரிய ஆஸ்பத்திரியில இருக்கணும்மா. தள்ளிப்போட்டா கிட்னியே போயிடும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் கடிதத்துக்காக அவள் அலைந்த அலைச்சல் அவள் காலுக்குத்தான் தெரியும். கணவருக்கோ ஆபரேஷன் என்றாலே கதிகலங்கும். மலைப்பாதையில் லாரி ஓட்டுகிற சூரர்!

"ஏங்க, உறிஞ்சினா கல்லு எப்படி வெளிய வரும்? ஓட்டை எங்க இருக்கு?"

"சும்மா இரு. சக்திக்கு ஓட்டை எதுக்கு?"

அவள் வாய் சும்மா இருந்தது, கண் சும்மா இருக்கவில்லை. கல்லைத் துப்பும்வரை குரு ஊமை. துப்பியதும் வாயாரப் பேசினார், காணிக்கை குறைந்தால் திட்டவும் செய்தார். பிறகு திரைக்குப் பின்னால் போய்த் தியானம். திரும்பி வந்தால் மறுபடி ஊமை, இடது கன்னம் லேசாகப் புடைத்திருக்கும். டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாடம் நடக்கும்போது மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு அவள் வகுப்புப் பிள்ளைகள் இப்படித்தான் முழிப்பார்கள்.

கணவர் முறை வந்தது. கடிதத்தைக் கிழிக்க இரண்டு கையாலும் பிடித்துவிட்டார். அவள் சட்டென்று அவர் கையைப் பிடித்தாள்.

"கொஞ்சம் இருங்க!" கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். "ஐயா, ஒரு தடவை வாய் கொப்பளிச்சிட்டு அப்புறம் உறிஞ்சுங்க."

குரு வேகமாகத் தலையை ஆட்டினார். "குரு மௌனத்துல இருக்காரும்மா!" என்று சீடர் பாய்ந்து வந்தார்.

"பேசவா சொன்னேன்? கொப்பளிக்கத்தானே சொன்னேன்?"

"அதானே! கொப்பளிச்சா என்னவாம்?" என்றது வரிசை. குருவுக்கு வேர்த்துக் கொட்டியது.

"எங்க, 'ஆ' காட்டுங்க!" ஒரு வகுப்பையே அடக்குகிற அதட்டல். குரு பதறிப்போய் மடக்கென்று விழுங்கினார். கண் பிதுங்கியது, மௌனமும் கலைந்தது.

"ஐயோ! கல்லு உள்ள போயிடுச்சே! டாக்டரைக் கூப்பிடுங்க, டாக்டரை!"

"எந்தக் கல்லு?" என்றார் டிரைவர். "இன்னும் என்னை உறிஞ்சவே இல்லையே?"

"டாக்டர் எதுக்குங்க?" என்றாள் டீச்சர். "உங்க சீடரை விட்டு உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்க!"

சீடர் அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தார். டிரைவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "காலையில முதல் பஸ்ஸுக்கே போயிடலாம்மா" என்றார், தலையைக் குனிந்துகொண்டு. கடிதத்தைக் கிழித்துப் போட்டவர்கள் தொட்டியைக் கவிழ்த்துத் துண்டு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

தன் வயிறு என்றதும் குருவுக்கே டாக்டர் ஞாபகம் வந்துவிட்டது. மாடியேறிய மகாஜனங்களே, உங்கள் வயிறு என்ன, இரவல் வயிறா?