நடமாடும் ஓய்வு

அந்தச் செயற்கைக் கருத்தரிப்பு மருத்துவமனையில் எதிரெதிரே இரண்டு அறைகள். ஒன்று ஓய்வுப் பிரிவு, மற்றது உடலியக்கப் பிரிவு. கருவை உள்ளே வைத்ததும் ஒவ்வொரு பெண்ணும் இரண்டு அறைக்கும் போய் அறிவுரை பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஓய்வு அதிகாரி அசையாதே என்பார். இயக்க அதிகாரி உட்காராதே என்பார். இருவரும் ரொம்பப் படித்தவர்கள். அதனால் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை.

கண்டக்டர் அக்காவுக்கு இதெல்லாம் பழக்கம். போன தடவை கரு தங்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, அளவுக்கு மீறி நடந்துவிட்டாள் என்று இந்த அறையிலும், நடந்தது பத்தாது என்று அந்த அறையிலும் சொன்னார்கள். இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் அழுதாள். இப்போது வைத்திருப்பது கடைசிக் கரு. இதுவும் போனால், மறுபடி முதலிலிருந்து ஊசி குத்திக்கொள்ள உடம்பில் தெம்பில்லை.

கரு வைத்த டாக்டரம்மா, "படுத்தே கிடக்க வேண்டாம்மா. ஓடாம, குதிக்காம, வழக்கம்போல இருங்க," என்றுதான் சொன்னார். ஆனால் வழக்கம்போல இருப்பதற்கு அங்கே தனிப் பிரிவு இல்லை. ஆகவே அது செல்லாது.

அவள் செய்யும் வேலையைக் கேட்டதும் சிக்கல் முற்றியது. நாள் முழுக்க பஸ்ஸுக்குள் முன்னும் பின்னும் போகிறவள், எனவே மிகையாக இயங்குகிறாள் என்றார் ஓய்வு. நகர்வது பஸ்தானே, அவள் இருந்த பஸ்ஸிலேயேதானே இருக்கிறாள், எனவே இயக்கமே இல்லை என்றார் இயக்கம். விவகாரம் மேலதிகாரியிடம் போயிற்று. தீர்ப்பு வரும்வரை அவள் நடக்கவும் கூடாது, உட்காரவும் கூடாது. நடைவழியில் தூண் மாதிரி நின்றாள்.

கால் கடுத்தது. வாயும் சும்மா இருக்கவில்லை.

"பேசாம ஒரு கட்டில்ல படுக்க வெச்சுத் தள்ளிக்கிட்டே போங்க சார். ரெண்டும் ஆயிடும்."

மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "இத்தனை வருஷமா இதை ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?"

சாயங்காலத்துக்குள் 'நடமாடும் ஓய்வுத் திட்டம்' அமலுக்கு வந்துவிட்டது. தள்ளுவதற்கு ஆள் கிடையாது, அது குடும்பத்தின் பொறுப்பு. அவள் வீட்டுக்காரர் அதே பஸ்ஸின் டிரைவர். தினமும் வந்து நடைவழி முழுக்கக் கட்டிலைத் தள்ளினார். திருப்பத்தில் கை தானாக ஹாரனைத் தேடியது. ஒரு சக்கரம் கிரீச்சிட்டது. எண்ணெய் விடப் போனவரை அதிகாரிகள் தடுத்தார்கள். சத்தமும் திட்டத்தில் அடங்குமா என்று இன்னும் முடிவாகவில்லையாம்.

மானம் போனது போனதுதான் என்று அவள் விசிலை எடுத்தாள். ஒரு விசிலுக்குக் கட்டில் நின்றது, இரண்டு விசிலுக்குக் கிளம்பியது.

"டிரைவர், வளைவுல மெதுவா. உள்ள பாசஞ்சர் இருக்காங்க."

அவர் சிரிக்கவில்லை. அந்த வளைவை மட்டும் கண்ணாடிச் சரக்கு ஏற்றிய வண்டி மாதிரித் திருப்பினார்.

கரு தங்கியது. ஓய்வால் வந்த வெற்றி என்று ஒரு கதவிலும், இயக்கத்தால் வந்த வெற்றி என்று எதிர்க் கதவிலும் பலகை தொங்கியது. உடலியக்கத்தால் உண்மையிலேயே பலன் கண்டவர் டிரைவர் ஒருவர்தான். தொப்பை கரைந்துபோயிற்று. அதற்கு யாரும் பலகை மாட்டவில்லை.

அந்தக் கிரீச் கட்டிலுக்குப் பெண்கள் முட்டி மோதினார்கள். கைக்குழந்தையோடு வந்த கண்டக்டர் அக்கா, "கட்டில்ல ஒண்ணும் இல்லம்மா, தானா தங்குச்சு," என்று எல்லாரிடமும் சொல்லிப் பார்த்தாள். தனக்குக் கிடைத்ததும் எப்படிப் பேசுகிறாள் பார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

உடம்பு தேறி, மறுபடி ஊசி குத்திக்கொண்டு, இரண்டாவது குழந்தைக்குக் கரு வைத்தபோது டாக்டரம்மா சிரித்தார். "உங்களுக்குத்தான் தெரியுமே. வீட்டுக்குப் போய் வழக்கம்போல இருங்க."

"நல்லாத் தெரியும் டாக்டர்."

வெளியே வந்தாள். அந்தக் கட்டில் காலியாக நின்றது. டிரைவர் எண்ணெய்ப் புட்டியோடு சக்கரத்துப் பக்கம் குனிந்திருந்தார்.

"அதுல கை வெச்சீங்கன்னா தெரியும் சேதி," என்று ஏறிப் படுத்தவள், இரண்டு விசில் கொடுத்தாள்.